சில மாதம் வெளிநாட்டில் தங்கும்போது ஓய்வூதியம் நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளுக்குப் பிரசவம், மகன் புது வீட்டுக்குக் குடிபோகிறான், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. காரணம் எதுவாக இருந்தாலும், டிக்கெட் போட்ட அன்று இரவே வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் கவலை ஒன்றுதான்: "பென்ஷன் என்ன ஆகும்?" என் அப்பா தமிழ்நாடு அரசு ஓய்வூதியர். அத்தை குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர். இருவரையும் பலமுறை வழியனுப்பி, அவர்கள் அங்கே இருக்கும்போது இங்கே கருவூலத்துக்கும் வங்கிக்கும் நடந்தவன் என்ற முறையில், தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முக்கியமாக மாநில அரசு ஓய்வூதியர்களை மனதில் வைத்து எழுதியது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கும், இபிஎஃப் எனப்படும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்களுக்கும் வித்தியாசம் வரும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வெளிநாடு போனால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்களா?

இல்லை. ஆறு மாதம் மகன் வீட்டில் இருந்தாலும் மாதாமாதம் பணம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான ஆண்டுச் சான்று உரிய காலத்தில் போய்ச் சேராவிட்டால்தான் நிற்கும். வாழ்நாள் சான்று, உயிர்வாழ் சான்று, லைஃப் சர்டிபிகேட் எல்லாம் ஒன்றுதான். கருவூலத்தில் நேரில் போய் முகம் காட்டுவதை 'நேர்காணல்' என்கிறோம், பழைய ஆட்கள் 'மஸ்டரிங்' என்பார்கள். ஊரில் இருக்கும்போது நடந்துபோய் முடித்துவிடுகிற வேலை, கடல் கடந்து இருக்கும்போது கொஞ்சம் ஏற்பாடு கேட்கிறது. அவ்வளவுதான்.

எனக்கு எந்த மாதம் சான்று கொடுக்க வேண்டும்?

டிக்கெட் போடுவதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே மாதம் இல்லை.

தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு முன்பெல்லாம் ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்காணல் நடக்கும். கருவூல வாசலில் வெயிலில் வரிசை நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் அது மாறிவிட்டது. அவரவர் ஓய்வு பெற்ற மாதம் எதுவோ, ஒவ்வொரு ஆண்டும் அந்த மாதத்தில் சான்று கொடுக்க வேண்டும். 2009 ஆகஸ்டில் ஓய்வு பெற்றவருக்கு ஆகஸ்ட். பிரிவுபசார விழா நடந்த நாளை நினைவில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓய்வூதியக் கொடுப்பாணையில், அதாவது நாம் பிபிஓ என்று சொல்லும் புத்தகத்தில், என்ன தேதி இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், தங்கள் பெயருக்கு எந்த மாதம் பதிவாகியிருக்கிறது என்று கருவூலத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், நவம்பர் முடியும்வரை அவகாசம் உண்டு.

இபிஎஃப் அலுவலகத்திலிருந்து ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கு, அதாவது 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பிட்ட மாதம் என்று எதுவும் கிடையாது. எப்போது கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும்.

எல்ஐசியிலிருந்து ஆன்யுட்டி, அதாவது காப்பீட்டுத் திட்டத்தின் ஓய்வூதியம், வாங்குகிறவர்களுக்கும் இதேபோல ஒரு சான்று உண்டு. அரசு ஓய்வூதியத்துக்குக் கொடுத்தது அதற்குச் சேராது, தனியாகக் கொடுக்க வேண்டும். பலர் மறந்துபோகிற விஷயம் இது.

முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போனால் ஆகாதா?

இபிஎஃப் ஓய்வூதியர் என்றால் தாராளமாக. கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதிதாக ஒரு சான்று கொடுத்துவிட்டால், பழையது இன்னும் நாலு மாதம் செல்லும் என்றாலும் பரவாயில்லை, புதியதிலிருந்து ஓராண்டு ஓடும். ஆறு மாதப் பயணத்துக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

மற்றவர்களுக்கு அப்படி இல்லை. மத்திய அரசு ஓய்வூதியர் 70 வயதில் இருந்துகொண்டு, "நவம்பரில் ஊரில் இருக்க மாட்டேன், செப்டம்பரிலேயே கொடுத்துவிடுகிறேன்" என்றால் அதை நம்பிப் போகக்கூடாது. மாநில அரசு ஓய்வூதியருக்கும் அவருடைய மாதம்தான் கணக்கு. அதனால் நான் சொல்வது இதுதான்: பயணத் தேதியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று முதலில் பாருங்கள். உங்கள் மாதம் செப்டம்பர் என்றால், செப்டம்பர் முதல் வாரத்தில் நேர்காணலை முடித்துவிட்டு இரண்டாம் வாரம் விமானம் ஏறலாம். பத்து நாள் தள்ளிப் போவதால் ஆறு மாதக் கவலை இல்லாமல் போகும். தபால்காரர் மூலம் வீட்டிலேயே வாழ்நாள் சான்று பதிவு செய்யும் வசதியை இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி தருகிறது. பெட்டி கட்டுகிற பரபரப்பில் கருவூலத்துக்கு அலைய முடியாதவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தேதியை நகர்த்த முடியாது, பிரசவம் நமக்காகக் காத்திருக்காது என்றால், அங்கிருந்தே கொடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கைபேசி வழி, இன்னொன்று காகித வழி.

அங்கிருந்தே கைபேசியில் சான்று கொடுக்க முடியுமா?

முடியும். 2014 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்றுத் திட்டத்தில் முதலில் கைரேகை அல்லது கண்விழி பதிவு செய்யும் கருவி தேவைப்பட்டது. 2021 நவம்பரில் முக அடையாள முறை வந்தது. அதன் பிறகு கேமரா உள்ள ஆண்ட்ராய்டு கைபேசியும் இணையமும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. தமிழ்நாடு கருவூலத்திலும் இந்த டிஜிட்டல் சான்று ஏற்கப்படுகிறது.

இரண்டு செயலிகள் வேண்டும். ஆதார் ஃபேஸ் ஆர்டி ஒன்று, ஜீவன் பிரமாண் ஃபேஸ் ஆப் இன்னொன்று. இரண்டையும் ஊரில் இருக்கும்போதே பெரியவருடைய கைபேசியில் இறக்கி வைத்துவிடுங்கள். அந்த நாட்டுக் கணக்கில் இயங்கும் கைபேசியில் அங்கே போய்த் தேடினால் கண்ணில் படாமல் போகலாம்.

முதலில் 'ஆபரேட்டர்' என்று ஒருவரைப் பதிவு செய்யச் சொல்லும். பயந்துவிட வேண்டாம். ஓய்வூதியரே ஆபரேட்டராக இருக்கலாம், ஆதார் உள்ள மகனோ மருமகளோ கூட இருக்கலாம். ஒருமுறை பதிந்தால் போதும். அப்புறம் ஓய்வூதியரின் ஆதார் எண், கைபேசி எண், பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண் கேட்கும். ஓய்வூதிய வகை, அனுமதித்த அலுவலகம், பணம் வழங்கும் அலுவலகம் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும். அவசரப்படக்கூடாத இடம் இதுதான். வழங்கும் அலுவலகத்தை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால் சான்று வேறு யார் மேசைக்கோ போய்விடும், நமக்கோ "வெற்றிகரமாகப் பதிவானது" என்று குறுஞ்செய்தி வந்திருக்கும். நிம்மதியாகத் தூங்கிவிடுவோம், அடுத்த மாதம் பணம் வராது.

முகம் பிடிக்கிற வேலைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அப்பா ஓய்வு பெற்றது ஜனவரியில். அக்கா வீட்டில் இருந்தபோது ஒரு ஜனவரி சாயங்காலம் முயன்றோம். நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. பின்னால் மஞ்சள் விளக்கு எரிய, தலையில் காதுவரை இறங்கிய கம்பளிக் குல்லாவோடு அப்பா உட்கார்ந்திருக்க, மூன்று முறையும் தோல்வி. குளிருக்குப் பயந்து குல்லாவைக் கழற்ற மாட்டேன் என்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்கு, சமையலறை ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்தோம். குல்லாவும் கண்ணாடியும் மேசையில். முன்பக்கக் கேமராவை விட்டுவிட்டு, அக்கா எதிரே நின்று பின்பக்கக் கேமராவைப் பிடித்தாள். "அப்பா, ஒருதரம் கண்ணை மூடித் திற" என்றாள். இமைத்தார். வட்டம் பச்சையானது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, முகத்தை எதுவும் மறைக்கக் கூடாது, கண்ணை ஒருமுறை நன்றாக இமைக்க வேண்டும். மூன்றையும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் முதல் தடவையே கிடைத்துவிடும்.

முடிந்ததும் பிரமாண் ஐடி என்று ஓர் எண் வரும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, சான்று ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். இதைப் பார்க்காதவரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

மறுவேலையில் இருப்பவர்களும் மறுமணம் செய்துகொண்டவர்களும் இந்த டிஜிட்டல் முறையைப் பயன்படுத்த முடியாது. அவர்களுக்குக் காகித வழிதான்.

ஓடிபி எப்படி வரும்? இந்திய சிம் அங்கே வேலை செய்யுமா?

முகமெல்லாம் சரியாக இருந்து, சிம்மில் கோட்டை விட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே சில உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விமான நிலையத்தில் இறங்கியதும் பிள்ளைகள் அந்த ஊர் சிம்மைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊர் சிம் ஒரு டப்பாவுக்குள் போய்விடும். ப்ரீபெய்டு எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் நிறுவனம் அந்த எண்ணை நிறுத்திவிடலாம். பிறகு அது வேறு யாருக்காவது போய்விடும். ஆதாரிலும் வங்கியிலும் பதிந்திருக்கிற எண் அது. ஓடிபி அந்நியர் ஒருவருடைய கைபேசியில் போய் விழும்.

எனவே கிளம்பும் முன் ரோமிங் வசதியைத் திறந்துவிடுங்கள். செல்லுபடிக் காலம் திரும்பி வரும்வரை நீளும்படி ரீசார்ஜ் செய்யுங்கள். இரண்டு சிம் போடும் கைபேசியாக இருந்தால் நம் சிம் எப்போதும் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சிம்மில் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டால் பெரிய பில் வராது. வாரம் ஒருமுறை சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பெரியவருடைய சிம்மை ஊரில் இருக்கும் மகனிடம் கொடுத்துவிட்டு, ஓடிபி வந்ததும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் வீடுகளும் உண்டு. நம்பிக்கையான ஆள் என்றால் நடைமுறையில் அது எளிதுதான். ஆனால் அந்த எண்ணில்தான் வங்கிக் கணக்கின் முழுக் கட்டுப்பாடும் இருக்கிறது என்பதை மறக்காமல் ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

பாதுகாப்புக்காக ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருப்பவர்கள், முகப் பதிவுக்கு முன் அதைத் திறக்க வேண்டும். திறக்காமல் பத்து முறை முயன்றாலும் தோல்விதான் வரும்.

கைபேசி வழி சரிவரவில்லை. காகிதச் சான்றில் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரக அலுவலர், மாஜிஸ்திரேட், நோட்டரி பப்ளிக், வங்கி மேலாளர். இவர்களில் ஒருவர் முன்னால் ஓய்வூதியர் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். அவர் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு அதைக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும், மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் வங்கிக்கு.

தூதரகம்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தூதரகம் பக்கத்தில் இருந்தால் அதுதான் சிறந்தது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தப் படிவம் பழக்கமானது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட், பிபிஓ நகலோடு போனால் முடிந்துவிடும். தூரம் என்றால் உள்ளூர் நோட்டரி போதும்.

நோட்டரியிடமும் வங்கியிடமும் போகும்போது படிவத்தை நாமே கொண்டுபோக வேண்டும். நம் கருவூலமோ வங்கியோ கொடுக்கும் படிவத்தின் நகலைப் பெட்டியில் இரண்டு மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலப் படிவமாக இருக்கட்டும்.

என் அத்தையின் அனுபவத்தைச் சொல்கிறேன். மகன் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கிக் கிளைக்கு அழைத்துப் போனான். அங்கே இருந்த பெண் அலுவலர் அன்பாகப் பேசி, கையெழுத்தும் போட்டு, வங்கிப் பெயர் உள்ள முத்திரையும் குத்திக் கொடுத்தார். கூரியரில் வந்தது. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்து, கையெழுத்துக்குக் கீழே விரலை வைத்தார். "பேர் எங்க சார்? பதவி எங்க? தேதி எங்க?" கிறுக்கலாக ஒரு கையெழுத்தும் வட்ட முத்திரையும் மட்டும்தான் இருந்தன. அவர் மேல் குற்றமில்லை. யார் சான்றளித்தார் என்று தெரியாத தாளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? திரும்ப அங்கே போய், திரும்ப வாங்கி, திரும்ப அனுப்ப மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அத்தைக்குச் சரியான தூக்கம் இல்லை. பணத்தைவிட, "நான் செத்துப்போயிட்டேன்னு எழுதிடுவாங்களாடா?" என்ற பயம்தான் அவருக்கு.

ஆகவே கவுண்ட்டரை விட்டு நகரும் முன் அங்கேயே நின்று சரிபாருங்கள்: சான்றளித்தவரின் பெயர் தெளிவான எழுத்தில் இருக்கிறதா, பதவி இருக்கிறதா, தேதி இருக்கிறதா, அலுவலக முகவரியோடு முத்திரை இருக்கிறதா. தேதி உங்கள் மாதத்துக்குள் விழ வேண்டும். ஓய்வூதியரின் பெயர் பிபிஓவில் உள்ளபடியே, இனிஷியல் உட்பட, இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், பிபிஓவில் ஓர் எழுத்தாக இருக்கும். நோட்டரி பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிவிடுவார். நீங்கள்தான் சொல்லி பிபிஓவில் உள்ளபடி எழுத வைக்க வேண்டும்.

அனுப்புவது எப்படி?

மூலச் சான்றைக் கூரியரிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். அனுப்பும் முன் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒருவர் வாங்கி நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவிட்டால் அதைவிட உறுதி வேறில்லை. தபால் போய்ச் சேர எத்தனை நாள் என்று எண்ணி, மாத முதல் வாரத்திலேயே சான்று வாங்கிவிடுங்கள்.

எனக்குப் பதிலாக மகன் நேர்காணலுக்குப் போகலாமா?

சான்றைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். உங்களுக்குப் பதிலாக முகம் காட்ட முடியாது. பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் இதற்கு உதவாது.

மாதம் தவறிவிட்டது, பணமும் நின்றுவிட்டது. இழந்ததாகிவிடுமா?

இழப்பு இல்லை, தாமதம்தான். சான்று சேர்ந்து பதிவானதும் ஓய்வூதியம் மறுபடி தொடங்கும், நின்ற மாதங்களுக்கான நிலுவையும் சேர்த்து வரும். நிலுவை அடுத்த மாதமே வராவிட்டால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் பிபிஓ எண், சான்று கொடுத்த தேதி, பிரமாண் ஐடி மூன்றும் இருக்கட்டும். ஆனால் வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். நாள் ஆக ஆக மேல் அலுவலக அனுமதி, கூடுதல் ஆவணம் என்று வேலை கூடிக்கொண்டே போகும்.

என் சொந்த ஓய்வூதியமும் கணவரின் குடும்ப ஓய்வூதியமும் வருகின்றன. ஒரு சான்று போதுமா?

போதாது. பிபிஓ எண் இரண்டு என்றால் சான்றும் இரண்டு. இரண்டுக்கும் மாதமும் வேறாக இருக்கலாம். ஆசிரியையாக ஓய்வு பெற்ற அம்மாக்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தன்னுடையதை நினைவாகக் கொடுத்திருப்பார்கள், கணவருடையது விட்டுப்போயிருக்கும்.

வங்கிக் கணக்கை என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாடு வாழ்பவருக்கான கணக்காக, மாற்ற வேண்டுமா?

சில மாதம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவருக்கு வேண்டாம். வேலைக்காகவோ தொழிலுக்காகவோ போகிறவர், எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாதபடி தங்கப் போகிறவர் போன்றோர்தான் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ்பவர் ஆகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட்டோடு போகிறவருக்கு சாதாரண சேமிப்புக் கணக்கே தொடரும். நிரந்தரமாக அங்கேயே தங்கிவிடத் தீர்மானித்தால் அப்போது மாற்றிக்கொள்ள வேண்டும். ஓய்வூதியம் என்ஆர்ஓ கணக்கிலும் வரவாகும்.

கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தால் அதை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பிறகு ஒன்று, மனம் வருந்திச் சொல்கிறேன்: அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெற்றுக் காசோலையில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகை தானாக மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தால் போயிற்று.

வருமான வரி எங்கே கட்ட வேண்டும்?

ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் இங்கே வசிப்பவர்தான். அதற்குக் குறைந்தாலும், அந்த ஆண்டில் 60 நாளும் முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்திருந்தால், பிள்ளைகளைப் பார்க்கப் போய் வருகிற ஓய்வூதியர் இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார். ஆக, பெரும்பாலோருக்கு எதுவும் மாறாது. கணக்குத் தாக்கல் செய்கிற பருவத்தில் அங்கே இருந்தால் இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க 30 நாள் அவகாசம். மறுபடியும் அந்தச் சிம்தான்.

மருத்துவக் காப்பீடு அங்கே உதவுமா?

உதவாது. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கான காப்பீட்டுத் திட்டம் இங்குள்ள பட்டியல் மருத்துவமனைகளுக்கானது. ஓய்வூதியத்தில் அதற்கான பிடித்தம் வழக்கம்போல நடக்கும். அங்கே தங்கும் காலத்துக்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துத்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு அது பொருந்துமா என்று கேட்டு எடுங்கள்.

அங்கே ஏதாவது வேலை செய்தால் ஓய்வூதியம் பாதிக்குமா?

பார்வையாளர் விசாவில் வேலை செய்ய அனுமதியே கிடையாது, அதனால் முதலில் அது வேண்டாம். மத்திய அரசு ஓய்வூதியர் அரசு அல்லது அரசு நிறுவனத்தில் மறுவேலைக்குச் சேர்ந்தால் அகவிலைப்படி தொடர்பான விதிகள் குறுக்கே வரும். வேலை இந்தியாவில் என்றாலும் வெளிநாட்டில் என்றாலும் அப்படித்தான். பேரனைப் பார்த்துக்கொள்வது வேலைக் கணக்கில் வராது.

ஆறு மாதம் என்று போனோம், ஒன்றரை ஆண்டாகிவிடும் போலிருக்கிறது. என்ன செய்வது?

அமெரிக்காவுக்குப் பார்வையாளராகப் போகிறவர்களுக்கு வழக்கமாக ஒரு நுழைவுக்கு ஆறு மாதம் தருகிறார்கள். பிரிட்டனிலும் ஆறு மாதம்தான். கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் 2022 ஜூலை முதல் ஒரே நுழைவில் ஐந்து ஆண்டுவரை தங்க முடிகிறது. கனடா போகிற பெற்றோர்கள் அதனால் இரண்டு, மூன்று சான்றுக் காலங்களை அங்கேயே கடக்க வேண்டியிருக்கும்.

நீளும் என்று தெரிந்ததுமே கருவூலத்துக்கோ வங்கிக்கோ, அங்குள்ள முகவரி, மின்னஞ்சலோடு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் உங்கள் மாதத்தின் முதல் தேதியை பிள்ளைகளின் கைபேசிக் காலண்டரிலும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நாங்கள் டிசம்பர் கடைசியிலேயே ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறோம்.

கேட்கவே மனசு வரவில்லை. அங்கே இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்?

கேட்டு வைத்துக்கொள்வது நல்லதுதான். ஓய்வூதியர் இறந்துவிட்டால் கருவூலத்துக்கோ வங்கிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். இறந்த நாளுக்குப் பிந்தைய காலத்துக்கு ஏறிய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். தெரியாமல் எடுத்துச் செலவழித்துவிட்டு, பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்ளும்போது வருந்துகிறவர்கள் உண்டு. அந்த நாட்டில் தரும் இறப்புச் சான்றை நாலைந்து மூலப் பிரதிகளாக வாங்குங்கள். இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்து, எந்தச் சான்றொப்பம் வேண்டும் என்று கேட்டு அப்போதே முடித்துவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு அதை வாங்குவது பெரும்பாடு.

மத்திய அரசு ஓய்வூதியத்தில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக இருந்து, பிபிஓவில் துணையின் பெயரும் இருந்தால், ஒரு கடிதமும் இறப்புச் சான்றும் கொடுத்தே குடும்ப ஓய்வூதியத்தைத் தொடங்கிவிடலாம். எந்த ஓய்வூதியமாக இருந்தாலும், துணையின் பெயரும் பிறந்த தேதியும் பிபிஓவில் சரியாக இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், அதைத் திருத்த இருவரும் சேர்ந்து ஊரில் இருக்கும் நாள்தான் வசதி.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பாஸ்புக்கில் பதிவு போட்டு, ஊரை விட்டுக் கிளம்பிய மாதம் முதல் திரும்பி வந்த மாதம் வரை ஒவ்வொரு மாத வரவும் இருக்கிறதா என்று விரலை வைத்து எண்ணுங்கள். அகவிலைப்படி உயர்வு வந்திருந்தால் அதன் நிலுவையும் ஏறியிருக்க வேண்டும். ஏதாவது மாதம் விட்டுப்போயிருந்தால் பாஸ்புக் நகலோடு கருவூலத்துக்கு ஒரு நடை. அப்புறம் அந்த ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.